பர்மா தனியாவும் ஊதாக் கரைசலும்

அந்தமான் வீடுகளில் மீன் குழம்பை இறக்கும்போது மேலே கிள்ளிப்போடும் தழை பல நேரம் கொத்தமல்லியாக இருக்காது. பர்மா தனியாவாக இருக்கும். தண்டே தெரியாமல் தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்து கிடக்கும் செடி அது. இலை சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரண்டு விரல் அகலம், ஓரம் முழுக்க ரம்பப் பல். பூக்கும் காலத்தில் நடுவிலிருந்து ஒரு காம்பு எழும்; அதில் வரும் பூக்கொத்தைத் தொட்டால் குத்தும். இலையைக் கசக்கினால் கொத்தமல்லி வாசனைதான், ஆனால் இன்னும் கனமாக, கையைக் கழுவிய பிறகும் விரலில் நிற்கும். பாக்குத் தோப்பின் நிழலிலும் தென்னையடியிலும் ஈரம் தங்கும் வேலியோரத்திலும் யாரும் விதைக்காமலே முளைக்கும். சந்தைக்கும் கட்டுக்கட்டாக வரும்.

தாவரவியலில் இதற்கு எரிஞ்சியம் ஃபோடிடம் என்று பெயர். மக்கள் பர்மாவோடு சேர்த்து அழைத்தாலும் செடியின் பூர்விகம் மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். இன்று வியட்நாமின் சூப்பிலும் மணிப்பூர், மிசோரம் சமையலிலும் இது இல்லாமல் ஆகாது. கரீபியன் தீவுகளில் காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் குடற்புழுவுக்கும் இதைக் கஷாயமாகக் குடிக்கும் வழக்கம் பழையது. வாசனைத்தழையாகவும் கீரையாகவும் மருந்தாகவும் இருந்த இந்தச் செடிக்கு அண்மைக் காலத்தில் இன்னொரு பட்டமும் சேர்ந்திருக்கிறது: ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த மூலிகை’. இந்தப் பட்டம் பொய் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் அளந்த ஒரு எண்ணை நோய் தீர்க்கும் சான்றிதழாக வாசிக்கிறோம். அங்கேதான் பிசகு நடக்கிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட்டால், பிறகு எந்த மூலிகைச் செய்தியையும் நாமே எடைபோடலாம்.

முதலில் செடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இலையின் வாசனைக்குக் காரணம் எரிஞ்சியால் என்ற ஆல்டிஹைடு, 12 கார்பன் கொண்ட சங்கிலி. பல நாடுகளில் எடுத்த மாதிரிகளில் இலை எண்ணெயின் ஏறக்குறையப் பாதி இதுவே. கொத்தமல்லித் தழையின் வாசனையும் இதே குடும்பத்து ஆல்டிஹைடுகளிலிருந்துதான் வருகிறது. வேருக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே எண்ணெயில் மேலோங்கி நிற்பது பென்சால்டிஹைடு வகையைச் சேர்ந்த வேறொரு பொருள். ஒரே செடிதான், இலையும் வேரும் வேதியியலில் வெவ்வேறு சரக்கு. எனவே ‘இந்த மூலிகையில் இன்னது இருக்கிறது’ என்று மொத்தமாகச் சொல்லும் வாக்கியம் கண்ணில் பட்டால், எந்தப் பகுதியில் என்று கேட்டாக வேண்டும்.

எரிஞ்சியாலைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஜமைக்காவில் இருக்கும் மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதை இலையிலிருந்து பிரித்தெடுத்து, ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழுவின் மேல் சோதித்து, இன்று மருத்துவர்கள் கொடுக்கும் ஐவர்மெக்டினோடு ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டார்கள். ஆய்வகத் தட்டில் புழுக்கள் செத்தன. நாட்டு வழக்கத்தில் குடற்புழுவுக்குக் குடித்த கஷாயத்துக்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்பதை அது காட்டியது. ஆனால் ஆன்டிஆக்ஸிடன்ட் எண் பெரும்பாலும் இந்த வாசனைப் பொருளால் வருவதில்லை. அது இலையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம், கஃபெயிக் அமிலம், கெம்ஃபெரால் போன்ற பாலிஃபீனால்களும் லூட்டின், பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகளும் வைட்டமின் சியும் சேர்ந்து தரும் கணக்கு.

அந்தக் கணக்கை எடுக்கும் விதத்தைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். இலையைக் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்தி, தூளாக்கி, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் டிபிபிஎச் என்ற பொருளைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். அது ஒரு ஃப்ரீ ராடிக்கல். அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்றோடு நிற்கும் மூலக்கூறு. உடலில் பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் பல, நொடிக்குள் எதையாவது தாக்கிவிட்டு மறைந்துபோகும். டிபிபிஎச் அப்படி இல்லை. பாட்டிலில் மாதக்கணக்கில் அமைதியாக இருக்கும். அதனால்தான் 1958இல் பிளாய்ஸ் என்பவர் இதை அளவுகோலாகப் பயன்படுத்த வழி சொன்னதும் உலகம் முழுக்கப் பரவியது. கரைசல் ஆழ்ந்த ஊதா நிறம். அதில் இலைச்சாற்றைச் சொட்டுக் கணக்கில் விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைத்து எடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவரும். சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் டிபிபிஎச்சுக்கு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்துவிட்டன என்று அர்த்தம். 517 நானோமீட்டர் ஒளியை அந்தக் குப்பியின் வழியே செலுத்தி, எவ்வளவு நிறம் குறைந்தது என்று கருவி சொல்லும். நிறத்தில் பாதியைப் போக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டதோ அதற்கு ஐசி-50 என்று பெயர். இங்கே எண் சிறியதாக இருந்தால்தான் சாறு வலியது. அட்டவணையைப் பார்த்துப் பெரிய எண்ணைப் பாராட்டுபவர்கள் பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொரு சோதனை ‘மொத்த பாலிஃபீனால்’ என்ற எண்ணைத் தருவது. ஃபோலினும் சியோகால்டும் 1927இல் புரத ஆய்வுக்காக உருவாக்கிய கரைசல் இதற்கு அடிப்படை. பின்னால் ஒயினில் ஃபீனால் அளக்க அதைச் சீர்செய்தார்கள். மஞ்சள் கரைசல் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாலிஃபீனால் என்று, காலிக் அமிலத்தை அலகாக வைத்துச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கரைசலுக்கு பாலிஃபீனால் எது, வைட்டமின் சி எது என்று தெரியாது. எலக்ட்ரான் கொடுக்கும் எதனோடும் அது நிறம் மாறும். ஆகவே ‘மொத்த பாலிஃபீனால்’ என்று அச்சாகும் எண்ணில் மற்றவற்றின் பங்கும் கலந்தே இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு இது தெரியும். கட்டுரையிலிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து டப்பா மேல் ஒட்டும் லேபிளுக்கும் போகும் வழியில் இந்த எச்சரிக்கை கழன்றுவிடுகிறது.

காய்ந்த எடை, பச்சை எடை என்ற விஷயம் இதைவிடவும் பெரிது. இலை என்பது பெரும்பகுதி தண்ணீர். ஓர் உதாரணத்துக்கு 88 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சை இலை உலர்ந்தால் 12 கிராம்தான் மிஞ்சும். காய்ந்த தூளில் 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் என்று வரும் ஒரு பொருள், பச்சை இலையில் 144 மில்லிகிராம் ஆகிவிடும். குழம்பில் போடுவதோ நாலைந்து இலை. பத்துக் கிராம் என்று வைத்தால் 14 மில்லிகிராம். அதையும் வீட்டில் நாலு பேர் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். 1,200 என்ற எண்ணில் தவறு கிடையாது, ஆனால் அது நம் தட்டுக்கு வருவதற்குள் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். இதோடு, மெத்தனாலில் இறங்கும் சரக்கு வேறு, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் இறங்குவது வேறு. மெத்தனால் விஷம், அந்தச் சாற்றை யாரும் குடிப்பதில்லை.

சரி, வாய்க்குள் போனது உடலில் என்ன ஆகிறது? டென்ஹாம் ஹார்மன் 1956இல் முதுமைக்குக் காரணம் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற கருத்தை முன்வைத்தபோது, வழி நேராகத் தெரிந்தது: ராடிக்கல்களை அடக்கும் பொருளை அதிகம் சாப்பிட்டால் நோயும் முதுமையும் தள்ளிப்போகும். அதைச் சோதித்தும் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களிடமும் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் அதே போக்கு தெரிந்ததும், 1996இல் குறித்த நாளுக்கு 21 மாதம் முன்பாகவே அதை நிறுத்திவிட்டார்கள். கீரையில் இருக்கும்போது நல்லது செய்யும் அதே பொருள், பிரித்தெடுத்துப் பெரிய அளவில் கொடுத்தபோது புகைபிடிப்போருக்குக் கேடாக முடிந்தது.

ஏன் என்பதற்கு விடை ஒன்றல்ல. நம் உடல் ஃப்ரீ ராடிக்கல்களை வெறும் குப்பையாக நடத்துவதில்லை. கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்களே சூப்பர்ஆக்சைடைத் தயாரிக்கின்றன. ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ராடிக்கல்தான். உடற்பயிற்சியின்போது தசையில் பிறக்கும் ராடிக்கல்கள், ‘பாதுகாப்பைப் பலப்படுத்து’ என்று செல்லுக்குச் சொல்லும் சமிக்ஞை. 2009இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்காமல் போனது. இன்னொன்று, நாம் தின்னும் பாலிஃபீனால்களில் குடல் உறிஞ்சுவது கொஞ்சம். அதையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் எஞ்சும் அளவு, ஊதாக் கரைசலை வெளுக்கவைத்த அளவுக்கு அருகில்கூட வராது. அப்படியும் கீரை தின்பவர்களுக்கு நன்மை கிடைக்கிறது என்றால், அந்தப் பொருள்கள் நேராக ராடிக்கல்களோடு மோதுவதால் இருக்காது. செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தட்டி எழுப்புவதாலோ, குடலில் வாழும் நுண்ணுயிர்களை மாற்றுவதாலோ இருக்கலாம் என்றுதான் ஆய்வு உலகம் இன்று நகர்ந்திருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியலிட்ட தன் ஓராக் தரவுத்தளத்தை 2012இல் இணையத்திலிருந்தே எடுத்துவிட்டது. அந்த எண்கள் உடலில் நடப்பதைக் காட்டவில்லை, விற்பனைக்குத்தான் பயன்பட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம்.

தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தில் இதே செடியைக் கொண்டு 2013இல் ஒரு படி மேலே போனார்கள். இலையை நேராக மெத்தனாலில் போடாமல், வயிற்றிலும் குடலிலும் நடப்பதைப் போன்ற செயற்கைச் செரிமானத்துக்கு உட்படுத்தி, அதில் கரைந்து வந்த பகுதியை மட்டும் மனிதக் குடல் செல்கள்மேல் விட்டுப் பார்த்தார்கள். அழற்சிக் குறிகள் குறைந்தன. இதுவும் மனிதரிடம் நடந்த சோதனை இல்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டிய வரிசையில் கேட்டார்கள். மூலிகை ஆய்வு இந்த வழியில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தமானில் இந்த வேலையின் அடித்தளம் ஏற்கனவே இருக்கிறது. 1978இல் தொடங்கிய மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தீவுகளில் மரபாகச் சாப்பிடும் கீரை, காய்களின் சத்துகளையும் தாவர வேதிப்பொருள்களையும் அளந்து 2011இல் வெளியிட்டார்கள். யாரும் கண்டுகொள்ளாத வேலியோரத் தழைகளை ஆய்வக மேசைக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். அதே நிறுவனம் நோனியைப் பற்றியும் நிறைய உழைத்திருக்கிறது. பட்டம் ஒன்று விலைப்பட்டியலாக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு நோனியே பாடம்.

நோனி நம் ஊர் நுணா மரத்துக்கு நெருங்கிய உறவு. நிக்கோபாரிகள் அதை லோராங் என்று அழைத்துப் பழத்தையும் இலையையும் பரம்பரையாகப் பயன்படுத்திவருகிறார்கள். கடற்கரை மணலில், உப்புக் காற்றில் வளரும். விதைக்குள் காற்றறை இருப்பதால் கடலில் மிதந்தே தீவு விட்டுத் தீவு போகும். பழுத்த பழத்தின் நாற்றத்துக்குக் காரணம் ஆக்டனாயிக், ஹெக்சனாயிக் அமிலங்கள். பழத்தில் ஸ்கோபோலெட்டின், இரிடாய்டுகள், வைட்டமின் சி உண்டு, வேரில் ஆந்த்ராகுயினோன்கள். வேதியியல் ரீதியில் மதிப்புள்ள மரம், சந்தேகமில்லை. ஆனால் 1996இல் தாகித்தி தீவின் பெயரால் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியபின், ‘ஜெரோனின்’ என்ற அதிசயப் பொருள் இதில் இருப்பதாக ஒரு கதை உலகம் சுற்றியது. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டி உறுதிசெய்தவர் எவரும் இல்லை. 1998இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் தலையிட்டு, நோய் தீர்க்கும் என்ற விளம்பரங்களை நிறுத்தவைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அதைப் பழச்சாறாக மட்டும் அனுமதித்தது. 2005இல் ஆஸ்திரியாவில் நோனி குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவானது. 2006இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, சாறுதான் காரணம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றது. இன்னொரு விஷயத்தில் சந்தேகம் கிடையாது: நோனிச் சாற்றில் ஆரஞ்சுச் சாற்றுக்கு நிகரான பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத்துடிப்பையே குலைக்கக்கூடியது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடித்து, நோய் முற்றிய பிறகு மருத்துவரிடம் வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. தீவில் அந்தத் தாமதத்தின் விலை அதிகம். பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டிச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போயாக வேண்டும். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை டப்பாவின் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆள்தான் வேண்டும்.

ரத்தசோகைப் பிரச்சினையில் ஆன்டிஆக்ஸிடன்ட் எண் நேர் எதிராகவே வேலை செய்யலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி அந்தமான் நிக்கோபாரில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இவர்களுக்கு வேண்டியது இரும்புச் சத்து. கீரையில் இரும்பு உண்டு, ஆனால் தாவர இரும்பைக் குடல் எளிதில் ஏற்காது. பாலிஃபீனால்கள் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏறவிடாமல் செய்யும். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். ஆக, எந்தப் பொருள் அதிகமாக இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோமோ அதுவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்குத் தடையாகலாம். வழி இல்லாமல் இல்லை. எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் வைட்டமின் சி இரும்பை விடுவித்து உள்ளே அனுப்பும். மீன் குழம்பில் போட்டால் மீனின் இரும்பு நேராகவே ஏறும், கீரையின் இரும்புக்கும் கைகொடுக்கும். பீட்டா கரோட்டின் எண்ணெயில்தான் கரையும் என்பதால் தாளிப்பும் தேங்காய்ப்பாலும் அதற்கு உதவும். தீவுச் சமையலில் இவை முன்பே இருக்கின்றன. டப்பாவில் அடைத்த தூளில் இல்லை.

இந்தச் செடியின் மதிப்பை நான் வேறிடத்தில் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் கொத்தமல்லி அழுகும், அல்லது சட்டென்று பூத்து முடிந்துவிடும். காய்கறியின் கணிசமான பங்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தாண்டிக் கப்பலில் வருகிறது; புயல் அடித்துக் கப்பல் தாமதித்தால் விலை ஏறும், தழைகள் வாடும். பர்மா தனியாவுக்கு அந்த மழையும் நிழலும்தான் பிடித்தமானவை. பாக்கு மரத்தடியில் வேறெதுவும் விளையாத இடத்தில் இது வளர்கிறது. காய்ந்தாலும் வாசனை கொத்தமல்லியைப்போல் பறந்துபோவதில்லை. பச்சைக் காய்கறிக்குத் தட்டுப்பாடு வரும் தீவில், வாசலிலேயே கிடைக்கும் கரும்பச்சைக் கீரை என்பது எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணையும்விடப் பெரிய தகுதி.

ஆகவே அடுத்த அளவுகளைச் சமையலறையிலிருந்து தொடங்கினால் நல்லது: பச்சை எடைக்கு எவ்வளவு, கொதித்த பின் எவ்வளவு மிஞ்சுகிறது, மழைக்கால இலைக்கும் கோடைக்கால இலைக்கும் என்ன வேறுபாடு, மீனோடும் எலுமிச்சையோடும் சேர்த்துச் சாப்பிட்ட பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஏறுகிறதா. இவற்றுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. அங்கன்வாடி முற்றத்திலும் பள்ளிக்கூடத்து மரத்தடியிலும் ஒரு பாத்தி போட்டுவிட்டால் ஆய்வுக்கும் சமையலுக்கும் அதுவே போதும். நிழல் இருக்கட்டும், மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் பூக்காம்பு எழும்போதே கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். விதைக்கு ஒன்றிரண்டு செடிகளை மட்டும் பூக்க விட்டுவைக்கலாம்.